சொல்லாலும் பொருளாலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ‘அவையும் ஆசிரியரும்’ என்னும் பொதுத்தலைப்பில் ஆற்றிய உரை)



திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, படித்த கவிதையைத் தயவு தாட்சணியமின்றித் திறனாய்ந்து, அதன் பின்னும் நண்பர்களாகவே கலைந்து செல்லும் ஓர் அமைப்பு பத்தாண்டுகள் நிலைத்திருப்பது வியப்புக்குரியது. அந்த வியப்பையே என் வாழ்த்தாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

வள்ளுவர் ‘அவையறிதல்’ என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ‘அவையஞ்சாமை’ என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். அறிந்த பின்னரே அஞ்சாமை வாய்க்கும் என்பது அவ்வைப்புமுறை உணர்த்தும் குறிப்பு எனக் கொள்ளலாம். அவ்வாறாயின், அவையின் மொழியையே அறியாத ஓர் ஆசிரியர் அவ்வவையின்முன் நிற்க நேர்ந்தால் அவர் நிலை என்ன? அதுவும், சொல்லையே கருவியாகக் கொண்ட சட்டத்தைக் கற்பிக்க வந்தவராயின்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கையை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

அவர் பெயர் எர்ன்ஸ்ட் எட்வர்ட் ஹிர்ஷ். 1902ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியிலுள்ள பிரீட்பெர்க் என்னும் ஊரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிராங்க்பர்ட் நகரில் நீதிபதியாகப் பணியாற்றியவாறே அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வணிகச் சட்டம் கற்பித்தவர். 1933 ஏப்ரல் 7ஆம் நாள் இட்லர் அரசு இயற்றிய சட்டம் ஒன்று யூதர்களையும் அரசுக்கு ஒவ்வாதவர்களையும் அரசுப் பணிகளினின்றும் வெளியேற்றியது. ‘பணியாளர் அமைப்பைச் சீர்செய்யும் சட்டம்’ என்பது அதன் பெயரின் கருத்து. நீக்குவதற்குச் சீர்செய்தல் என்று பெயர் சூட்டப்பட்டது. சொற்கள் தம் பொருளை இழக்கும் இடத்தில் நீதியும் உடன் இழக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. சட்டம் பயின்ற ஹிர்ஷ், சட்டத்தின் பெயராலேயே பணி இழந்தார்.

அதே காலத்தில் துருக்கியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. முஸ்தபா கெமால் தலைமையிலான குடியரசு, ‘கலைகளின் இல்லம்’ எனப் பொருள்படும் ‘தாருல்புனூன்’ என்ற பழைய கல்விக்கூடத்தைக் கலைத்துவிட்டு, 1933 ஆகஸ்ட் 1ஆம் நாள் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது. ஜெனீவாவைச் சேர்ந்த கல்வியறிஞர் ஆல்பர்ட் மால்ஷ் அதற்கு முந்திய ஆண்டில் அளித்த அறிக்கை இச்சீர்திருத்தத்திற்கு அடிப்படையாயிற்று. பணி இழந்த அறிஞர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக ஸூரிக் நகரில் ஒரு சங்கம் அமைத்திருந்த நோய்க்குறியியல் பேராசிரியர் பிலிப் ஷ்வார்ட்ஸ், ஜூலை 6ஆம் நாள் அங்காராவில் துருக்கியக் கல்வியமைச்சருடன் அமர்ந்து பேசினார். ஒரு நாட்டுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டனர்; ஆசிரியர்களுக்கு ஒரு நாடு தேவைப்பட்டது. அந்த ஓர் அமர்விலேயே முப்பதளவு இடங்களுக்குப் பெயர்கள் முடிவாயின என்பர். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், 31 வயது இளைஞராக, ஹிர்ஷ் இஸ்தான்புல் வந்து சேர்ந்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. அவர் அமர்ந்த நாற்காலிகள் வெறுமனே காலியாகக் கிடந்தவை அல்ல. பழைய கல்விக்கூடத்தின் ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் புதிய பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. தம் நாட்டில் இடம் பறிக்கப்பட்டவர்கள், பிறர் இடம் பறிக்கப்பட்ட வேறொரு நாட்டில் வரவேற்கப்பட்டனர். வந்தவர்கள் அதற்குப் பொறுப்பாளிகள் அல்லர். ஆயினும் விருந்தினரை உற்றுநோக்கிய கண்களில் எல்லாம் வரவேற்பு மட்டுமே இருந்திருக்கும் என்று நாம் கொள்ள இயலாது.

இனி, அத்தகைய ஆசிரியர் ஒருவரின் முதல் வகுப்பு எவ்வாறு நடந்திருக்கும் என்பதைக் காண்போம். பெயாஸித் சதுக்கத்தில், முன்பு போர்த்துறை அமைச்சகம் இயங்கிய பெருங்கட்டடமே பல்கலைக்கழகத்தின் தலைமையிடமாயிற்று. அகன்ற வாயிலைக் கடந்து விரிவுரைக் கூடத்திற்குள் நுழையும் ஆசிரியர் தனியே வருவதில்லை. அருகில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருவார். ஆசிரியர் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ சில வாக்கியங்கள் சொல்லி நிறுத்துவார். மொழிபெயர்ப்பாளர் அவற்றைத் துருக்கிய மொழியில் சொல்வார். மாணவர் எழுதிக்கொள்வர். பின்னர் அடுத்த வாக்கியங்கள். ஒரு மணி நேர வகுப்பில் அரைமணிப் பொருளே நடக்கும். ஆசிரியர் நகைச்சுவையாக ஒன்று கூறினால், அதற்குரிய சிரிப்பு சற்றுக் காலந்தாழ்த்தி வரும். அல்லது வாராமலே போகும். எல்லாவற்றிலும் கொடிது வேறொன்று: தாம் சொன்னதுதான் அங்கே சொல்லப்பட்டதா என்று அறிய அவருக்கு வழியில்லை.

வகுப்பறையில் நெடுங்காலம் நின்று பழகியவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மாணவர் முகத்தைப் பார்த்தே நாங்கள் பாடம் நடத்துகிறோம். ஒரு புருவம் நெரிந்தால் வேறு சொல்லைத் தேடுகிறோம். அந்த ஆசிரியருக்கோ நெரிந்த புருவம் தெரியும். மாற்றிச் சொல்ல வேறு சொல் இல்லை. அவையஞ்சாமை என்பது ஒருவகையில் மாற்றுச்சொல் கைவசம் இருக்கிறது என்னும் நம்பிக்கைதானே?

மொழிபெயர்ப்பாளரின் துன்பமும் சிறிதன்று. துருக்கிய மொழி, தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. வேர்ச்சொல்லின்மேல் உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்; வினை ஈற்றில் நிற்கும்; அடை முன்னே வரும். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு இணைத்து ஆராய்ந்தபோது, துருக்கியம் முதலானவற்றின் இந்த அமைப்பொற்றுமையையே பெரிதும் நோக்கினார். அவர் கண்ட உறவு பின்னாளில் ஏற்கப்படவில்லை எனினும், ஒற்றுமை கண்கூடு. ‘இன்ன நிபந்தனைகள் நிறைவேறினால்’ என்று தொடரும் ஒரு நீண்ட சட்டவிதியை ஐரோப்பிய மொழியிலிருந்து தமிழாக்க முயன்றவர் அறிவர்: வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டாமல் ஓரடியும் நகர முடியாது. இஸ்தான்புல்லின் மொழிபெயர்ப்பாளர்கள் அப்புரட்டலை மாணவர் முன்னிலையில், நின்ற நிலையில் செய்தனர்.

இன்னொரு விந்தையும் உண்டு. 1928 நவம்பரில் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தை ஏற்றது. எனவே 1933இல் இருபது வயதான மாணவன், பதினைந்து வயது வரை வேறோர் எழுத்தில் கற்றவன். புதிதாக வந்த ஜெர்மானியரோ கடைப்பலகைகளையும் செய்தித்தாள் தலைப்புகளையும் முதல் நாளே எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். பொருள் மட்டும் தெரியாது. ஊரின் முதியவர்களுக்குப் பொருள் தெரியும், எழுத்துத் தெரியாது. விருந்தினர் கையில் எழுத்தும், வீட்டார் நாவில் பொருளுமாக ஒரு மொழி இரு கூறாகப் பிரிந்து நின்ற காட்சி வேறெங்கும் அரிது.

சட்டமோ எழுத்தும் பொருளும் சேர்ந்தால் மட்டுமே வாழ்வது. துருக்கியக் குடியரசு 1926இல் சுவிட்சர்லாந்தின் உரிமையியல் சட்டத்தைத் தழுவித் தன் சட்டத்தை இயற்றியிருந்தது. மூலநூலை ஆக்கியவர் ஆய்கன் ஹூபர். அது 1912 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மரபில் வழிநூல் நால்வகைப்படும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. அவற்றுள் நான்காம் வகையைச் சார்ந்தது துருக்கியரின் உரிமையியல் சட்டம் எனலாம். ஆனால் இலக்கிய வழிநூலில் ஒரு சொல் பிறழ்ந்தால் சுவை குன்றும். சட்ட வழிநூலில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவரின் வீடோ நிலமோ குழந்தையோ கைமாறும்.

சுவிட்சர்லாந்துச் சட்டம் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மும்மொழிகளிலும் சம அதிகாரம் உடையது. அதன் முதல் விதி, சட்டம் எவற்றுக்கெல்லாம் பொருந்தும் என்று கூறுவது. ஜெர்மன் வடிவம் ‘வாசகத்தாலோ விளக்கத்தாலோ’ என்ற கருத்தைத் தருகிறது. பிரெஞ்சு வடிவம் ‘எழுத்து’ என்றும் ‘உயிர்’ என்றும் பேசுகிறது. இத்தாலியம் ‘எழுத்து’ என்றும் ‘கருத்து’ என்றும் கூறுகிறது. விளக்கம், உயிர், கருத்து – மூன்றும் ஒன்றா? கவிஞர்களாகிய உங்களை இக்கேள்வி உறங்கவிடாது. சட்டவியலாரையும் அது உறங்கவிட்டதில்லை. பெரும்பாலும் பிரெஞ்சு வடிவத்தைப் பின்பற்றிய துருக்கியர் 1926இல் ‘லப்ஸ்’, ‘ரூஹ்’ என்னும் அரபுச் சொற்களைத் தெரிந்தெடுத்தனர். முன்னது சொல், பின்னது உயிர். தமிழ் முஸ்லிம்களின் பேச்சு வழக்கில் இன்றும் வாழும் அதே ‘ரூஹ்’தான் அது.

அந்தச் சட்டத்தை உயிரோடு கற்பிக்க வேண்டுமானால் இந்தச் சொற்களுக்குள் புகவேண்டும். மொழிபெயர்ப்பாளரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அது முடியாது. அயல்நாட்டுப் பேராசிரியர்களின் ஒப்பந்தத்தில், மூன்றாண்டுகளுக்குள் துருக்கிய மொழி கற்று அம்மொழியிலேயே பாடம் நடத்த முயல வேண்டும் என்னும் விதி இருந்தது. பலர் அதனை ஒப்பந்தத்தின் ஒரு வரியாகவே கருதினர். மொழிபெயர்ப்பாளரின் துணையோடே காலத்தைக் கழித்தவர் உண்டு. ஹிர்ஷ் அதனைத் தம் கடனாகக் கொண்டார். குறித்த மூவாண்டு அளவிலேயே துருக்கிய மொழியில் விரிவுரை நிகழ்த்தலானார். அம்மொழியில் பாடநூல்களும் எழுதினார். சட்டப்புல நூலகத்தை ஒழுங்குபடுத்தும் பணியையும் மேற்கொண்டார். அவரைப் போலவே மொழியைத் தமதாக்கிக்கொண்ட இன்னொருவர் பொருளியலறிஞர் பிரிட்ஸ் நாய்மார்க்.

அவர்கள் கற்ற மொழியோ நிலையாக நிற்கவில்லை. 1932இல் துருக்கிய மொழிக் கழகம் தோன்றியபின், அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்து ‘தனித் துருக்கியம்’ காணும் இயக்கம் அரசின் ஆற்றலோடு நடைபெற்றது. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியை அறிந்த நமக்கு இது அயலான செய்தியன்று. ஆயினும் இங்கே அது அறிஞர்களும் மக்களும் மெல்ல மெல்ல வளர்த்தது. அங்கே அரசாணையின் விரைவோடு வந்தது. நேற்றுக் கற்ற சொல் இன்று பழஞ்சொல்லாகிவிடும் நிலையில் ஒருவர் ஒரு மொழியைக் கற்பதென்பது, ஓடும் நீரில் கோலமிடுவது போன்றது.

நீதிமன்றச் சொற்கள் எளிதில் அசைந்து கொடுக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. வழக்குக்குத் துருக்கியர் சொல்லும் சொல் ‘தாவா’. நம் ஊர் முதியவர்கள் சிவில் வழக்கைத் ‘தாவா’ என்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உரிமை பெறுவோன் அவர்களுக்கு ‘வாரிஸ்’, நமக்கு வாரிசு. பிறர்பொருட்டுச் செயற்படுவோன் அவர்களுக்கு ‘வெகீல்’, நமக்கு வக்கீல். அரபு மொழி ஒரு திசையில் உஸ்மானியர் அவைக்கும், மறுதிசையில் பாரசீக மொழியின் வழியே முகலாயர், நவாபுகள் கச்சேரிகளுக்கும் சென்றதன் தடயங்கள் இவை. தொல்காப்பியர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது, வந்த சொல்லுக்கும் செய்யுளில் ஓர் இருக்கை இட்டார். நீதிமன்றமோ வந்த சொல்லுக்கு ஆசனமே இட்டுவிடுகிறது. ஹிர்ஷ் ஒரு சென்னை நீதிமன்றத்தில் வந்து நின்றிருந்தால், அவருக்கு முதலில் புரிந்த சொற்கள் இவையாகத்தான் இருந்திருக்கும்!

சொல்லை மாற்றுவது வெறும் அகராதி வேலை அன்று என்பதற்கு அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் வரலாறே போதிய சான்று. 1924இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் மொழியை 1945இல் தனித் துருக்கியத்திற்கு மாற்றினர். அதன் பெயரும் ‘அனயாசா’ என்றாயிற்று. ‘அனா’ என்றால் தாய். ‘யாசா’ என்றால் சட்டம். தாய்ச்சட்டம்! எவ்வளவு இனிய ஆக்கம்! ஆனால் 1950இல் ஆட்சி மாறியது. 1952இல் பழைய அரபுச் சொற்களோடு கூடிய வடிவத்தையே திரும்பவும் கொண்டுவந்தனர். 1961இல் புதிய அரசமைப்பு வந்தபோது ‘அனயாசா’ மீண்டும் அரியணை ஏறியது. இன்றளவும் அதுவே வழங்குகிறது. விதிகளின் உள்ளடக்கத்தைத் தொடாமலே சொற்களை மட்டும் மாற்றவும், மாற்றியதை மீட்கவும் ஒரு நாடாளுமன்றம் இருமுறை சட்டம் இயற்றியதென்றால், சொல்லில் அரசியல் இல்லை என்று யார் கூறுவர்?

ஹிர்ஷின் வாழ்வில் மறக்கவொண்ணாத இன்னொரு சொல்லும் உண்டு. 1941 நவம்பரில் ஜெர்மானிய அரசு வெளியிட்ட ஆணை, அயல்நாடுகளில் வாழ்ந்த யூதர்களின் குடியுரிமையை ஒட்டுமொத்தமாகப் பறித்தது. குடியுரிமை இழந்தோரின் தாள்களில் துருக்கிய அலுவலர்கள் ‘ஹைமாட்லோஸ்’ என்று குறித்தனர். தாயகம் அற்றவர் என்பது பொருள். அது ஜெர்மன் சொல். துருக்கிய எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டது. துருக்கிய மொழியைத் தேடிச் சென்று கற்ற அறிஞர்கட்கு, அம்மொழி அவர்களுடைய தாய்மொழியிலிருந்து எடுத்து நீட்டிய சொல் ‘வீடற்றவன்’ என்பது. ஒரு கவிதைக்கு இதனினும் மேலான கருப்பொருள் வேண்டுமா என்று உங்களையே கேட்கிறேன்.

1943இல் ஹிர்ஷ் துருக்கியக் குடிமகனானார். அதே ஆண்டில் அங்காரா சட்டப்புலத்திற்குச் சென்றார். அதன் பின் அவர் செய்த பணிகளுள் இரண்டு இவ்வவைக்கு உரியவை. துருக்கியின் வணிகச் சட்டம் பல நாட்டுச் சட்டங்களினின்றும் பிய்த்தெடுத்து ஒட்டவைத்ததாய் இருந்தது. அதற்கு மாற்றாக அவர் வகுத்த வரைவினின்று உருவான சட்டம் 1956இல் நிறைவேறி, 1957 முதல் 2012 வரை நடைமுறையில் இருந்தது. மற்றொன்று கருத்து, கலைப் படைப்புகளுக்கான சட்டம். 1951இல் நிறைவேறிய அச்சட்டத்தின் வரைவும் அவர் கைவண்ணமே. படைத்தவனுக்குத் தன் படைப்பின்மேல் உள்ள உரிமையை, அவன் பெயர் அதில் நிற்கவும் அவன் இசைவின்றி அது சிதைக்கப்படாதிருக்கவும் உள்ள உரிமையை, அது காத்தது. திருத்தங்களோடு இன்றும் அங்கே அதுவே சட்டம். முதல் வகுப்பில் தம் வாக்கியத்தைத் தாமே காக்க இயலாமல் நின்ற இனத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், பின்னாளில் அந்நாட்டுக் கவிஞர்களின் வாக்கியங்களுக்கெல்லாம் காவல் அமைத்தார்!

இதே பல்கலைக்கழகத்தில் 1936 முதல் 1947 வரை இருந்த மற்றொருவரை இலக்கிய அன்பர்கள் நன்கறிவர். எரிஹ் அவர்பாக் தம் புகழ்பெற்ற ‘மிமெசிஸ்’ என்னும் திறனாய்வு நூலை 1942க்கும் 1945க்கும் இடையே இஸ்தான்புல்லில் எழுதினார். அது 1946இல் பெர்ன் நகரில் வெளியாயிற்று. தாம் இழந்த ஐரோப்பாவை அவர் தம் மொழியிலேயே நினைந்து நினைந்து எழுதினார். ஹிர்ஷ் தாம் அடைந்த நாட்டை அதன் மொழியிலேயே எழுதினார். புலம்பெயர்ந்தோர்க்கு இருவழியும் உண்டு. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு எனல் பொருந்தாது. எனினும் இலக்கியத் திறனாய்வாளர்க்கு வாய்த்த அந்த உரிமை சட்ட ஆசிரியர்க்கு இல்லை. சட்டம் யாருக்காகப் பேசுகிறதோ அவர் மொழியில் பேசியே ஆகவேண்டும்.

1952இல் ஹிர்ஷ் ஜெர்மனிக்குத் திரும்பினார். மேற்குப் பெர்லினின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1953 முதல் 1955 வரை அதன் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். 1985இல் மறைந்தார். அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 2001இல் துருக்கி தன் உரிமையியல் சட்டத்தைப் புதிதாக எழுதியது. நான் முன்னர்க் குறித்த முதல் விதியில் ‘லப்ஸ்’, ‘ரூஹ்’ என்ற சொற்கள் நீங்கி, ‘ஸொஸ்’, ‘ஒஸ்’ என்ற தனித் துருக்கியச் சொற்கள் அமர்ந்தன. ‘ஸொஸ்’ என்றால் சொல். ‘ஒஸ்’ என்றால் உட்பொருள். இயைபுத் தொடை போல இரண்டும் ஒலிப்பதைக் காண்க. அதனினும் சிறப்பு ஒன்றுண்டு: பழைய வாசகத்தில் இரண்டுக்கும் இடையே நின்றது ‘அல்லது’ என்னும் பொருளுடைய சொல், புதிய வாசகத்தில் நிற்பது ‘உம்’. சொல்லாலோ பொருளாலோ என்றிருந்தது, சொல்லாலும் பொருளாலும் என்றாயிற்று. எழுபத்தைந்து ஆண்டுகளில் ஒரு சமூகம் ஒரே ஓர் இடைச்சொல்லில் கண்ட முதிர்ச்சி அது என்று கொள்ள எனக்கு விருப்பம்.

அன்பர்களே, நம் நாட்டு அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி பொதுவில் ஆங்கிலமே. தமிழைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழியாக்க வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது கைகூடவில்லை. தம் வழக்கு தம் கண்முன்னே நடக்க, என்ன நடந்தது என்று வக்கீலின் முகத்தைப் பார்த்து அறியும் வழக்காளி, இஸ்தான்புல்லில் முதல் நாள் நின்ற அந்த ஆசிரியரின் நிலையில்தான் நிற்கிறார். ஒரு வேறுபாடு: ஆசிரியருக்கு அது அயல்நாடு, இவருக்கு இது சொந்த ஊர்.

அந்த இடைவெளியைச் சட்டவியலார் மட்டும் நின்று நிரப்பிவிட முடியாது. ஒரு கருத்துக்கு ஏற்ற சொல் எது, அது நாவில் நிற்குமா, கேட்டவர் நெஞ்சில் தைக்குமா என்று எடைபோட்டுப் பார்க்கும் பயிற்சி, திங்கள்தோறும் இங்கே கூடும் உங்களுக்கே மிகுதியும் உண்டு. பதினோராம் ஆண்டில் ஓர் அமர்வையேனும், கவிதையை எடுத்து வைப்பது போலவே, ஒரு பத்திரத்தையோ ஒரு தீர்ப்பையோ ஒரு சட்டவிதியையோ எடுத்து வைத்து அதன் தமிழைத் திறனாயுமாறு வேண்டுகிறேன். தயவு தாட்சணியம் அங்கும் வேண்டா.